நீர்க்கண்ணாடியும் நம்மவர் முகமும்

கிழக்குத் தாம்பரத்தை அடுத்த சேலையூரிலிருந்து வங்கக் கடல் நேர்கோட்டில் சுமார் 12 கிலோமீட்டர் தூரத்திலேயே இருக்கிறது என்றாலும், கேம்ப் ரோடு சந்திப்பில் பேருந்துக்குக் காத்து நிற்பவர்களில் எவரும் தம்மைக் கடற்கரைவாசி என்று கருதிக்கொள்வதில்லை. ஏரியை நம்பியிருந்த ஊர் இது. இவ்வூர்ப் பெரியவர்கள் பழகியதெல்லாம் கிணற்று நீச்சலும் ஏரி நீச்சலுமே. கிணறுகள் தூர்ந்து அவற்றின்மேல் அடுக்குமாடிகள் எழுந்து, ஏரித் தண்ணீரும் இறங்கிக் குளிக்க லாயக்கில்லாமற் போன இக்காலத்திலே, நீச்சலே அறியாத ஒரு தலைமுறை வளர்ந்து உத்தியோகத்துக்கு வந்து, விடுமுறை கிடைத்ததும் மீனம்பாக்கத்தில் விமானம் ஏறி அந்தமானுக்கோ மாலத்தீவுக்கோ சென்று, கடல்மட்டத்தில் குப்புற மிதந்தபடி பவளப்பாறைகளையும் வர்ண மீன்களையும் தரிசித்துத் திரும்புகிறது என்பது விசித்திரமான மாறுதல்தான். 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி பாம்பன் புதுப் பாலம் திறக்கப்பட்ட அன்றே இராமேசுவரம்–தாம்பரம் ரயிலும் கொடியசைத்து அனுப்பப்பட்டது. ஆகவே மன்னார் வளைகுடாவும் கிழக்குத் தாம்பரத்துக்காரருக்கு ஓர் இரவுப் பிரயாண தூரத்துக்கு வந்துவிட்டது.

இங்ஙனம் புறப்படுகிறவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: உறுத்தாமலும் ஒழுகாமலும் பொருந்தக்கூடிய கருவிகளை எப்படித் தேர்ந்தெடுப்பது? கடைகளில் இதற்குக் கிடைக்கும் விடை விலையைப் பற்றியதாகவே இருக்கிறது. ஆனால் விலை கூடிய சரக்கை வாங்கிச் சென்றவர்களும், நெற்றியில் பதிந்த வடுவோடும், மூக்குக்குள் ஓயாது புகுந்த உப்புநீரின் எரிச்சலோடும், தாடை நோவோடும், குதிகாலில் கொப்புளத்தோடும் திரும்பி வருவதைக் காண்கிறோம். அந்தக் கருவியில் பழுது ஒன்றும் இராது. வேறொரு முகத்தையும் வேறொரு பாதத்தையும் மனத்தில் வைத்து அது வார்க்கப்பட்டது, அவ்வளவே. இந்த விஷயத்தைப் பல கோணங்களில் ஆராய்ந்து பார்த்ததில் எனக்கு ஏற்பட்ட அபிப்பிராயத்தை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். கடைக்காரர் மாஸ்க் என்று சொல்லும் நீர்க்கண்ணாடிக்கே நம் நேரத்திலும் பணத்திலும் பெரும்பங்கு போகவேண்டும். ஸ்நார்க்கெல் என்னும் மூச்சுக்குழல் எளியதாக இருக்குமளவுக்கு உத்தமம். ஃபின் என்னும் துடுப்புக் காலணியையோ, ஆண்டுக்கு ஒருமுறை கடலுக்குப் போகிற சாமானியர் விலைக்கு வாங்கவே வேண்டியதில்லை. கடைகளிலோ இந்த வரிசை அப்படியே தலைகீழாகக் கிடக்கிறது.

நம்முடைய சமுத்திரத்தில் மூழ்கியவர்கள் நெடுங்காலம் இவற்றில் ஒன்றும் இல்லாமலே மூழ்கினார்கள். மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பைப் பற்றி 1803-இல் இலங்கை வரலாறு ஒன்றை வெளியிட்ட ராபர்ட் பெர்சிவல் வர்ணிக்கும் முறை இது: குளிப்பவர் கல் கட்டிய கயிற்றை வலக்கால் விரல்களாலும் வலைப்பையை இடக்கால் விரல்களாலும் பற்றிக்கொண்டு, வலக்கையில் மற்றொரு கயிற்றைப் பிடித்து, இடக்கையால் மூக்கை அழுத்திக்கொண்டு இறங்குவார். அரபு நாட்டுக் குளிப்பாளர்கள் கொம்பினால் செய்த கவ்வி ஒன்றை மூக்கில் மாட்டிக்கொண்டார்கள். நம்மவருக்கு விரலே கவ்வி. சுறாவின் வாயைக் கட்டுவதாக மந்திரம் ஜபித்த கடற்கட்டிகள் கரையில் அமர்ந்திருந்தார்களேயன்றி, கண்ணுக்கு உதவி செய்வார் எவரும் இல்லை. நம் கண்ணின் முன்படலம் ஒளியை வளைப்பது காற்றிலிருந்து வரும் ஒளியைத்தான்; தண்ணீரின் ஒளிவிலகல் திறனும் அப்படலத்தின் திறனும் ஏறத்தாழ ஒன்றாயிருப்பதால், நீருக்குள் விழித்த கண்ணுக்கு எல்லாம் மங்கலாகவே தெரியும். அந்த மங்கலில்தான் தலைமுறை தலைமுறையாகச் சிப்பி பொறுக்கப்பட்டது. தூத்துக்குடியில் 1955-இல் தொடங்கி நடந்த முத்துக்குளிப்பு வரிசை 1961-இல் முடிந்தது. அதற்குப் பின் அங்கே முத்துக்குளிப்பு நடைபெறவில்லை.

கண்ணுக்கும் நீருக்கும் நடுவே சிறிது காற்றை நிறுத்தி வைத்தால் போதும் என்ற யுக்தி கீழ்த்திசையில் பழையது. ஜப்பானின் ஆமா என்னும் மூழ்குபெண்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே கண்ணாடி அணியத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் கண்களை மட்டும் மூடுகிற கண்ணாடியில் ஓர் அபாயம் உண்டு. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதைப்போல் இருமடங்காகிறது. உள்ளே அடைபட்ட காற்று சுருங்க, கண்ணாடி கண்ணை உறிஞ்ச ஆரம்பித்து, வெண்விழியில் இரத்தம் கட்டிவிடும். இதைத் தவிர்க்க ஆமாக்கள் தம் கண்ணாடிகளில் சிறு காற்றுப்பைகளைப் பொருத்திப் பார்த்தார்கள். மூக்கையும் உள்ளடக்கி, மூக்கின் வழியே காற்றை ஊதி அழுத்தத்தைச் சமன்செய்யும் இன்றைய அமைப்பு 1930-களில் பிரான்சின் தென்கடற்கரையில் உருப்பெற்றது. லூயி தெ கார்லியூ துடுப்புக் காலணிக்குக் காப்புரிமை பெற்றதும் அதே காலத்தில், 1933-இல்தான். தாம்பரத்து விளையாட்டுக் கடைகளில் மட்டைகளுக்கும் பந்துகளுக்கும் இடையே தொங்கும் நீச்சல் கண்ணாடியை வாங்கிக்கொண்டு கடலுக்குப் போகிறவர்கள், ஐம்பது மீட்டர் குளத்தில் குறுக்கும் நெடுக்கும் போவதற்கு ஏற்பட்ட ஒன்றைத்தான் எடுத்துச் செல்கிறார்கள். மூக்கு வெளியே இருக்கிற கண்ணாடி மூச்சுக்குழலோடு சேராது.

இக்கருவிகள் நம் கடலுக்கு வந்துசேர்ந்த வழியும் கவனிக்கத்தக்கது. எழுத்தாளர் ஆர்தர் கிளார்க்கும் அவருடைய தோழர் மைக் வில்சனும் 1956-இல் இலங்கைக்கு வந்து திருகோணமலைக் கடலில் மூழ்கித் திருக்கோணேசுவர ஆலயத்தின் சிதைவுகளைக் கண்டார்கள். மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த எஸ். மகாதேவனும் கே. நாகப்பன் நாயரும் தூத்துக்குடிக்கு அப்பால் நீருக்குள் தாமே இறங்கிப் பார்த்த உயிரினச் சூழல்களைப் பற்றி 1960-களில் எழுதினார்கள். ஆராய்ச்சியாளர்களின் கருவிகள் கப்பலேறி வந்தவை. அவற்றைக் கண்ட சங்குகுளிப்பாளர்களோ தமக்கு வேண்டியதைத் தாமே செய்துகொள்ளத் தலைப்பட்டார்கள். அலுமினியத் தகட்டைப் பாதத்தோடு பிணைத்துத் துடுப்பாக்கிக்கொண்டதும் உண்டு. இன்றும் பாம்பன், சின்னப்பாலம், ஓலைக்குடாப் பகுதிகளில் கடற்பாசி எடுக்கும் பெண்கள் சேலைக்குமேல் சட்டையைப் போட்டு, விரல்களில் துணியையும் ரப்பரையும் சுற்றி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மூச்சுக்குழல் ஏதுமின்றி மூச்சடக்கி மூழ்கி எழுகிறார்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலத்து லட்சுமி 2015-இல் சீகாலஜி என்னும் சர்வதேச விருதைப் பெற்றார். விரலில் சுற்றிய அந்தத் துணியைக் கடையில் எந்த அளவில் கேட்பது? சுற்றிக்கொள்கிறவரின் விரலே அதற்கு அளவு. கடையில் போய் நிற்கிற நமக்கு அந்தப் பாக்கியம் இல்லையாதலால், ஏற்கெனவே வார்த்து வைத்தவற்றுள் நமக்குக் கிட்டத்தட்டப் பொருந்துவது எது என்று தேடவேண்டியவர்களாயிருக்கிறோம்.

நீர்க்கண்ணாடியின் பொருத்தத்தைச் சோதிக்கும் வழி எல்லா நாட்டிலும் ஒன்றுதான். பட்டையை முன்பக்கம் தள்ளிவிட்டு, தலையைச் சற்று அண்ணாந்து, கண்ணாடியை முகத்தின்மேல் மெல்ல வைத்து, பிறகு குனிந்து, மூக்கால் மிக இலேசாகக் காற்றை உள்ளிழுக்கவேண்டும். கையை எடுத்த பின்னும் அது சுவரில் பல்லி ஒட்டினாற்போல் ஒட்டி நிற்குமாயின் அது நம் முகத்துக்கு உரியது. பலமாக இழுத்து ஒட்டவைப்பது சோதனையாகாது, எந்தக் கண்ணாடியும் பலமாக இழுத்தால் ஒட்டும். இந்தச் சோதனையைப் பலரும் அறிவார்கள். இதில் விடுபட்டுப் போகிற இரண்டு விவரங்களே அவர்களைக் கடலில் கைவிடுகின்றன. ஒன்று, மூச்சுக்குழலின் வாய்ப்பகுதியைப் பல்லில் கவ்விக்கொண்டு சோதிக்கவேண்டும் என்பது. ஏனெனில் அதைக் கவ்வியதும் மேலுதடு முன்தள்ளிக் கன்னத்தின் வடிவமே மாறிவிடுகிறது. மற்றொன்று, சிரித்துப் பார்க்கவேண்டும் என்பது. மூக்கின் ஓரத்திலிருந்து வாய்க்கோடி வரை விழும் சிரிப்புக் கோடுகள் உப்புநீருக்கு வாய்க்கால்கள். ஆமையைக் கண்டு நீருக்குள் சிரிக்காதவர் யார்?

முகத்தில் படியும் விளிம்பு சிலிக்கோனாலானதா, பி.வி.சி.யாலானதா என்பது அடுத்த கேள்வி. பி.வி.சி. விறைப்பானது, குறைந்த விலையில் மூன்றையும் ஒரே வலைப்பையில் போட்டு விற்கும் தொகுப்புகளில் பெரும்பாலும் அதுவே இருக்கும். சிலிக்கோன் மிருதுவாய் வளைந்து கொடுக்கிறது. ஆயினும் சிலிக்கோன் என்பதனாலேயே ஒன்று பொருந்திவிடும் என்று நம்புவதற்கில்லை. விளிம்பின் மேற்பகுதி மயிர் முளைக்கும் எல்லையைத் தொடாமல் நெற்றியிலேயே நிற்கவேண்டும். பக்கங்கள் கண்ணின் வெளிக்கோடியைத் தாண்டிப் பொட்டின் குழிக்குள் விழாமல் எலும்பின்மேல் படியவேண்டும். மூக்கறை நம் மூக்கை நசுக்கவும் கூடாது, கையால் பிடித்துக் காது அழுத்தத்தை விடுவிக்க முடியாதபடி மிகப் பெரியதாயிருக்கவும் கூடாது. அகன்ற நாசியும் தாழ்ந்த மூக்கடியும் உடைய முகங்கள் நம்மிடையே சர்வசாதாரணம். குறுகி உயர்ந்த மூக்குக்கு வார்த்த சட்டத்தில் இவை அகப்பட்டால், அரை மணி நேரத்தில் மூக்குத்தண்டின் உச்சியில் வலி தொடங்கும். அத்தகையவர்கள் சட்டமே இல்லாமல் சிலிக்கோனிலேயே கண்ணாடியைப் பதித்த வகையை முதலில் போட்டுப் பார்ப்பது நல்லது. கண்ணாடிச் சில்லு உடைந்தால் கூரிய துண்டாகச் சிதறாத பதப்படுத்திய கண்ணாடியா என்பதையும் பார்க்கவேண்டும். பிளாஸ்டிக் சில்லு கீறிப்போகும்.

ஒழுகத் தொடங்கியதும் பட்டையை இறுக்குவதே எல்லாருக்கும் தோன்றுகிற பரிகாரம். அதுவே பெரும்பாலான துன்பங்களுக்கு மூலகாரணம். இறுக்க இறுக்க விளிம்பு கோணி, புதிதாக ஓரிடத்தில் இடைவெளி உண்டாகி, மேலும் நீர் புகுந்து, மேலும் இறுக்கத் தூண்டி, முடிவில் தலைவலியிலும் நெற்றி வடுவிலும் போய் நிற்கும். பட்டை என்பது கண்ணாடி நழுவிப் போகாமலிருக்க மட்டுமே. அது காதுகளின்மேல் அழுந்தாமல், பின்தலையின் மேடான பகுதியில் இருக்கவேண்டும். நீண்ட கூந்தலுடைய பெண்களுக்கு இதில் விசேஷமான சங்கடம் உண்டு: கொண்டை பட்டை நிற்கவேண்டிய இடத்தையே அபகரித்துக்கொள்கிறது, சிலிக்கோன் பட்டையோ கழற்றும்போது மயிரைக் கற்றை கற்றையாகப் பிடுங்குகிறது. தாழப் பின்னிய ஒற்றைச் சடையும், பட்டையின்மேல் மாட்டுகிற அகன்ற துணியுறையும் இதற்குப் போதும். தேங்காயெண்ணெயை அன்றைக்கு ஒரு நாள் விட்டுவிடவேண்டும். நெற்றிக்கு இறங்கிய எண்ணெயின்மேல் எந்த விளிம்பும் நிலைகொள்வதில்லை.

ஆண்களின் சங்கடம் மீசை. நம் நாட்டில் மீசை மயிர் மாத்திரம் அல்ல, குடும்பத்துப் புகைப்படங்களின் தொடர்ச்சியும்கூட. ஆகையால் அதை எடுத்துவிடுங்கள் என்று பயிற்சியாளர் சாதாரணமாகச் சொல்லும் யோசனை இங்கே அனுசரிக்கப்படுவதில்லை. அனுசரிக்கவேண்டிய அவசியமும் இல்லை. மூக்குக்கு நேர்கீழே, விளிம்பு படிகிற ஓர் இழை அகலத்தை மட்டும் மழித்துவிட்டால் மீசையின் தோற்றம் குன்றாமலே பெரும்பாலும் ஒழுக்கு நின்றுவிடும். அதற்கும் மனம் இடந்தராதவர்கள் சிலிக்கோன் பசையை மீசையில் தடவிக்கொள்ளலாம். வாசலினைத் தடவுவது பழைய வழக்கம். அது ரப்பரை அரிக்கும்.

மூக்குக்கண்ணாடி அணிகிறவர்கள் விஷயத்தைத் தனியாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் அதை உள்ளே போட்டுக்கொண்டு நீர்க்கண்ணாடியை மாட்ட முடியாது; காதுக்குச் செல்லும் கம்பி விளிம்பைத் தூக்கிவிடும். நீருக்குள் பார்க்கும் பொருள்கள் உள்ளதைவிட மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் நாலில் ஒரு பங்கு கிட்டவாகவும் தோன்றுகின்றனவாதலால், இலேசான கிட்டப்பார்வையுள்ளவர் சாதாரண நீர்க்கண்ணாடியாலேயே சமாளித்துக்கொள்ளலாம். அதற்கு மேற்பட்டவர்கள், இடம் வலம் என்று இரண்டு சில்லுகளாகப் பிரித்து மாற்றத்தக்க வகையை வாங்கி, அரை அரைப் புள்ளியாக ஏறும் ஆயத்தச் சில்லுகளுள் தமக்குரியதைப் போட்டுக்கொள்ளவேண்டும். காண்டாக்ட் லென்ஸ் என்னும் ஒட்டுவில்லையை அணிந்துகொண்டு இறங்குகிறவர்களும் உண்டு. அதில் வில்லை அடித்துப்போகும் அபாயமும் கண்ணில் கிருமி சேரும் அபாயமும் சேர்ந்தே இருப்பதால் நான் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன். வாடகைக் கண்ணாடி எத்தனை மிருதுவாயிருந்தாலும் இவர்களுக்குப் பிரயோஜனமில்லை. மீன் இருக்கிறது என்று எல்லாரும் கைகாட்ட, பச்சை மூட்டத்தைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு வருவார்கள்.

புதுக் கண்ணாடியின் உட்புறத்தில் உற்பத்தியின்போது படிந்த மெல்லிய ஏடு ஒன்று இருக்கும். சாதாரண வெள்ளைப் பற்பசையை விரலால் தேய்த்து அதைப் போக்காவிட்டால் எத்தனை முறை துடைத்தாலும் பனி படரும். அதன் பிறகு ஒவ்வொரு முறை இறங்கும்போதும் உலகெங்கும் கையாளும் உபாயம், உள்ளே உமிழ்ந்து தேய்த்துக் கழுவுவது. ஆசாரமான வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது கேட்கவே கூசும். அவர்களுக்காகக் குழந்தை ஷாம்பூவின் ஒரு துளியும் அதே காரியத்தைச் செய்கிறது என்று சொல்லி வைக்கிறேன்.

எச்சிலைப் பற்றிப் பேசும்போதே மூச்சுக்குழலுக்கு வந்துவிடலாம். அடுத்தவர் குடித்த தம்ளரில் வாய் வைக்காமல் அண்ணாந்து குடிக்கிற சமூகம், அன்று காலையிலிருந்து அறிமுகமற்ற பல பேர் கவ்விய வாய்ப்பகுதியைப் படகில் கூச்சமின்றி வாங்கிக் கவ்விக்கொள்வது எனக்கு இன்னும் விளங்காத புதிர். மூச்சுக்குழலைச் சொந்தமாக வைத்துக்கொள்ள இந்த ஒரு காரணமே போதும். அது விலையிலும் அற்பம், பையில் அடைக்கும் இடமும் அற்பம். பொருத்தம் என்ற முறையில் பார்க்கவேண்டியது வாய்ப்பகுதியின் அளவு. பெரிய வாய்ப்பகுதியைச் சிறிய வாயில் திணித்தால் அது நழுவாமலிருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டே இருக்கவேண்டியிருக்கும், அதனால் தாடை வலிக்கும், ஈறும் புண்ணாகும். பெண்களும் குழந்தைகளும் சிறிய அளவைக் கேட்டு வாங்கவேண்டும். பல்செட் உள்ளவர்கள் அதைக் கழற்றாமல் கவ்விப் பார்த்து, அது அசையாமலிருக்கிறதா என்று கவனிக்கவேண்டும்.

நீண்ட குழல் இருந்தால் ஆழத்தில் இருந்துகொண்டே மூச்சு விடலாமே என்று கேட்கிறவர்கள் ஒவ்வொரு படகிலும் ஒருவராவது இருக்கிறார்கள். ஐரோப்பியத் தரவிதி, வயதுவந்தோருக்கான குழலின் நீளம் 38 சென்டிமீட்டருக்கு மேற்படலாகாது என்று வரையறுத்திருப்பது காரணமில்லாமலல்ல. நாம் சாதாரணமாக ஒரு முறை இழுக்கும் மூச்சு அரை லிட்டர். அதில் 150 மில்லிலிட்டர் அளவு தொண்டையிலும் மூச்சுக் கிளைகளிலும் தங்கி, நுரையீரலுக்குப் பயன்படாமலே வெளியேறுகிறது. குழலின் கொள்ளளவும் அதனோடு சேர, விட்ட மூச்சையே திரும்ப இழுக்கும் பங்கு அதிகமாகிறது. அன்றியும், ஒரு மீட்டர் ஆழத்தில் மார்பை நெருக்கும் நீரின் பாரத்துக்கு எதிராக மேலே உள்ள காற்றை இழுக்க நம் மூச்சுத் தசைகளுக்குச் சக்தி போதாது. குழலின் உச்சியில் மிதப்புத் தடுப்பான், அடியில் வடிகால் வால்வு என்று சேர்க்கும் ஒவ்வொன்றும் சிறிது சௌகரியத்தைத் தருவதோடு, மூச்சுக்குச் சிறிது தடையையும், மணல் சிக்கிப் பழுதாகும் ஓரிடத்தையும் தருகிறது.

முகம் முழுவதையும் மூடி, மூக்காலேயே மூச்சுவிட இடந்தரும் புதுவகைக் கவசத்தைப் பற்றி இங்கே சொல்லியாகவேண்டும். ஏனெனில் நீச்சல் தெரியாத நம்மவர்கள் முதலில் மயங்குவது இதற்குத்தான். டெக்கத்லான் நிறுவனம் 2014-இல் ஈசிபிரெத் என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது. 2020-இல் இத்தாலியின் பிரெஷா நகரத்துப் பொறியாளர்கள் இதையே மாற்றியமைத்துக் கொரோனா நோயாளிகளுக்குச் சுவாசக் கருவியாக உதவச்செய்தது பலருக்கும் நினைவிருக்கலாம். வாயில் எதையும் கவ்வவேண்டாம், பனி படர்வது குறைவு, பார்வை விசாலம் என்பன இதன் குணங்கள். மறுபுறத்தில், மூக்கைப் பிடிக்க வழியில்லாததால் இதை அணிந்து ஓரடி ஆழம்கூட மூழ்குவது உசிதமன்று; நீர் புகுந்தால் ஒரு நொடியில் துப்பிவிட இயலாது, தலையோடு கட்டிய முழுக்கவசத்தையும் கழற்றவேண்டும்; தாடி வைத்தவர்களுக்கு ஒழுகும்; வால்வு சரியாக வேலை செய்யாத மலிவான போலிகளில் விட்ட மூச்சே உள்ளே சுழலும். மூச்சிழுப்பதில் ஏற்படும் தடை நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளக் காரணமாகலாம் என்று ஹவாய்த் தீவுகளில் நடந்த ஆய்வு சுட்டிக்காட்டியிருக்கிறது. அந்த எச்சரிக்கை எல்லா வகைக் குழல்களுக்கும் உரியது என்றாலும், இருதய உபாதையும் இரத்த அழுத்தமும் உள்ள நடுவயதினர் அதிகமாகப் போய்வரும் நம் சூழ்நிலையில், முழுமுகக் கவசத்தின் சௌகரியம் பயத்தை மறைக்கிற சௌகரியம் என்றே நான் மதிப்பிடுகிறேன். குழலைக் கவ்வ அஞ்சுகிறவர் முதலில் குளத்தில் அந்த அச்சத்தைத் தீர்த்துக்கொள்ளட்டும்.

இனிப் பாதம். அடையாற்றில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாடெங்கும் 79 இடங்களில் 1,01,880 பேருடைய பாதங்களை அளந்து, ஐரோப்பியரைக் காட்டிலும் இந்தியரின் பாதம் முன்புறத்தில் அகன்றது என்று கண்டு, ஆங்கிலேயர் காலத்திலிருந்து நாம் சுமந்துவரும் அளவுமுறைக்குப் பதிலாகப் பாரதத்தின் முதலெழுத்தைக் கொண்டு ‘பா’ என்ற புதிய முறையை முன்மொழிந்தது. செருப்புக்கே இந்த நிலை என்றால், அகலம் என்ற கணக்கே இல்லாமல், 40–41, 42–43 என்று ஐரோப்பிய நீளத்தில் இரண்டிரண்டு எண்களைச் சேர்த்து வார்க்கும் துடுப்புக் காலணி நம்மவர் காலை எப்படி ஏற்கும்? அகலத்துக்காக ஓர் அளவு கூட்டி எடுத்தால் குதிகால் கழன்றுபோகிறது. நீளத்துக்குச் சரியாக எடுத்தால் சுண்டுவிரல் நசுங்குகிறது. நீரில் ஊறிய தோல் சீக்கிரம் உரியுமாதலால் பத்து நிமிஷத்து உராய்வு கொப்புளமாகிவிடும். குதிகால் திறந்து, பின்னால் பட்டையால் இறுக்கிக்கொள்ளும் வகையை, நியோபிரீன் காலுறைக்குமேல் அணிந்தால் இக்குறை பெரிதும் நீங்குகிறது. பாதம் முழுவதையும் மூடும் வகையே கிடைக்குமானால், நாற்காலியில் உட்கார்ந்து காலை உதறிப் பார்க்கவேண்டும். கழலவும் கூடாது, விரல்கள் மடங்கவும் கூடாது. நீளமான துடுப்பு கெண்டைக்காலில் சுளுக்கை உண்டாக்குவதோடு, ஆழமில்லாத இடங்களில் பவளத்தை ஒடித்தும் விடுகிறது. மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறைகள் 2010-இலும் 2016-இலும் வெப்பத்தால் வெளிறிப்போய்ச் சேதமுற்றவை. நம் குதிகாலும் அவற்றைச் சேதப்படுத்தவேண்டாம். குட்டையான துடுப்பே நமக்குப் போதும், அதையும் போகுமிடத்தில் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். காலுறையை மட்டும் வீட்டிலிருந்து கொண்டுபோவது நலம்.

மிதவைச் சட்டையைப் பற்றி எழுதுவார் குறைவு. படகில் அதைப் போடாமல் விடமாட்டார்கள் என்பதால் நம்மவர் அனுபவத்தில் பாதி அசௌகரியம் அதனாலேயே விளைகிறது. செம்மஞ்சள் நிறத்தில் தரப்படும் சாதாரண மிதவைச் சட்டை, மயங்கிய மனிதனையும் முகம் மேலாக மிதக்கச் செய்வதற்காக மார்புப் பக்கம் தடித்துச் செய்யப்பட்டது. குப்புறப் படுத்துக் கடலடியைப் பார்க்க விரும்புகிறவரை அது ஓயாமல் புரட்டப் பார்க்கும். தொளதொளவென்றிருந்தால் நீரில் மேலேறித் தாடையை இடித்து நீர்க்கண்ணாடியையும் தூக்கிவிடும். பக்கவாட்டுப் பட்டைகளை நீருக்குள் இறங்கிய பின் மறுபடியும் இறுக்குவதும், கவட்டுப் பட்டை இருந்தால் அதைத் தவறாமல் மாட்டுவதும் வேண்டும். உடை விஷயத்தில், துப்பட்டாவும் பருத்திச் சுரிதாரும் நனைந்து கனத்துக் காலைப் பின்னிக்கொள்ளும். முழுக்கையும் முழுக்காலும் உள்ள லைக்ரா உடை மானத்தையும் காக்கும், முதுகில் வெயிலையும் தடுக்கும், சொறிமீன் பட்டாலும் ஓரளவு தாங்கும். நம் கடலின் வெதுவெதுப்புக்கு அதைவிடத் தடித்த உடை தேவைப்படுவதில்லை.

வாங்கியவற்றைக் கடலில் முதன்முதலாகச் சோதிப்பது அறிவீனம். கோவளத்து அலையில் நின்று சோதிக்கலாம் என்று புறப்படுகிறவர்கள் கலங்கிய நீரில் தம் கையையே காணமாட்டார்கள். ஒழுக்கு கண்ணாடியினுடையதா அலையினுடையதா என்பதும் விளங்காது. 1995-இல் தெற்காசிய விளையாட்டுகளுக்காக வேளச்சேரியில் கட்டிய நீச்சல் வளாகமோ, வீட்டருகே உள்ள தனியார் குளமோ, முன்கூட்டி அனுமதி கேட்டுக்கொண்டால் இதற்கு உதவும். மூச்சுக்குழலோடு இறங்க எல்லாக் குளங்களிலும் விடமாட்டார்கள். அதற்கும் வழியில்லையானால் கல்யாண அண்டா ஒன்றில் நீர் நிரப்பி முகத்தை அமிழ்த்திப் பத்து நிமிஷம் மூச்சுவிட்டுப் பார்த்தாலும் முக்கால் பங்கு குறைகள் வெளிப்பட்டுவிடும். பருவத்தையும் யோசித்துக்கொள்ளவேண்டும்: தென்மேற்குக் காற்றில் மன்னார் வளைகுடா கொந்தளிக்கும், வடகிழக்குப் பருவத்தில் பாக் நீரிணை கலங்கும், பழைய முத்துக்குளிப்புகள் பெரும்பாலும் பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் இடைப்பட்ட அமைதியான வாரங்களில் நடந்தவை. தெளிவில்லாத நீரில் மிக நன்றாகப் பொருந்திய கண்ணாடியும் எதையும் காட்டப் போவதில்லை.

திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, வாங்கியபோது வந்த கெட்டியான பெட்டியிலேயே நீர்க்கண்ணாடியை வைக்கவேண்டும். துணிகளுக்கு அடியில் அமுக்கி வைத்தால் விளிம்பு கோணிவிடும், கறுப்பு ரப்பரோடு சேர்த்து வைத்தால் வெள்ளைச் சிலிக்கோன் கறைபட்டுவிடும். இவ்வளவும் செய்கிறவர்கள்கூடக் குழந்தைகளுக்கு வாங்கும்போது, பள்ளிச் சீருடையைத் தைக்கும் வழக்கப்படி, வளர்கிற பிள்ளை என்று ஓர் அளவு பெரிதாக எடுத்துவிடுகிறார்கள். சட்டையின் கையை மடித்துவிடலாம், கண்ணாடியின் விளிம்பை மடிக்க இயலாது. அந்தப் பிள்ளை அன்று முழுவதும் உப்புநீரைக் குடித்துவிட்டு இனிக் கடலே வேண்டாம் என்று அழும். குழந்தைகளுக்கென்று வார்த்த சிறிய கண்ணாடியை இந்த ஆண்டின் முகத்துக்கு வாங்கி, சிறுத்துப்போனதும் சித்தப்பா வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிடுவதே சிக்கனம்.